வெள்ளெழுத்தும் கண் சொட்டு மருந்தும்

வேலூரிலிருந்து ஆரணி சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்பவர் முதலில் ஷெல் கண் மருத்துவமனையையும், பின்னர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியையும் கடந்து கணியம்பாடியை அடைவார். அங்கிருந்து பிரியும் சாலை, ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள அமிர்திக்கு இட்டுச் செல்கிறது. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய ஊர்களின் தோல் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் நாடிச் செல்லும் இடங்களுள் அமிர்தியின் காடும், ஓடையும், 1967இல் அமைக்கப்பட்ட உயிரியல் பூங்காவும் அடங்கும்.

அவ்வாறு செல்லும் குடும்பத்தில் நாற்பத்தைந்து வயதைத் தொட்ட ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். எதிரே உயர்ந்து நிற்கும் மலைமுகட்டின் மரங்களை அவர் தெளிவாகக் காண்கிறார். ஆனால் கையிலுள்ள நுழைவுச் சீட்டின் சிறிய எழுத்துகளைப் படிக்கக் கையை நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வெளிச்சத்தைத் தேடித் திரும்புகிறார். இறுதியில் அச்சீட்டை மகனிடம் நீட்டி, "இதில் என்ன போட்டிருக்கிறது, படித்துச் சொல்லப்பா" என்கிறார். தொலைவு தெளிந்து, அருகு மங்கும் இந்நிலையையே நம் முன்னோர் 'வெள்ளெழுத்து' என்றும் 'சாளேசுவரம்' என்றும் அழைத்தனர். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உருது பேசும் குடும்பங்களுக்கு இது 'சாலீஸா' என்ற பெயரில் அறிமுகமானது. 'சாலீஸ்' என்றால் நாற்பது. நாற்பது வயதை மனித முதிர்ச்சியின் ஒரு கட்டமாகத் திருக்குர்ஆன் (46:15) சுட்டுவதை நாம் அறிவோம். அறிவு முதிரும் அவ்வயதிலேயே, அறிவைத் தேடும் வாசிப்புக்குக் கண் ஒத்துழைக்க மறுக்கத் தொடங்குவது மனித வாழ்வின் ஒரு விந்தை.

இக்குறையைக் கண்ணாடி இன்றிச் சொட்டு மருந்தால் போக்கிவிடலாம் என்ற செய்தி 2024 செப்டம்பர் மாதத்தில் இந்திய நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் பரவலாக இடம்பெற்றது. ஒரே வாரத்தில் அச்செய்தியின் போக்கே மாறியது. அம்மருந்து எவ்வாறு செயற்படுகிறது, அதனால் எவ்வளவு பயன் கிட்டும், யாருக்கு அது தேவை என்பனவற்றை நிதானமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளெழுத்து ஏன் உண்டாகிறது?

கண்ணின் உள்ளே, பாவைக்குச் சற்றுப் பின்னால், ஒளி ஊடுருவும் மென்மையான வில்லையொன்று உள்ளது. அதனைச் சுற்றி வளையமாக அமைந்துள்ள சிலியரித் தசை, மெல்லிய இழைகளின் மூலம் வில்லையைத் தாங்கி நிற்கிறது. தொலைவிலுள்ள பொருளை நோக்கும்போது அத்தசை தளர்ந்திருக்கும். வில்லை தட்டையாக இருக்கும். அருகிலுள்ள எழுத்தை நோக்கும்போது தசை சுருங்கும், இழைகள் தளரும், வில்லை தன் நெகிழ்ச்சியால் சற்றே உருண்டு திரண்டு, ஒளிக்கதிர்களைக் கூடுதலாக வளைத்து விழித்திரையில் குவிக்கும். இந்த இயக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார்.

பிள்ளைப் பருவத்தில் மிகுந்த நெகிழ்ச்சியுடன் இருக்கும் வில்லை, ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுகிறது. நாற்பது வயதை ஒட்டி அந்த இறுக்கம் அன்றாட வாசிப்பில் உணரப்படுகிறது. எனவே வெள்ளெழுத்து ஒரு தொற்றோ, கண்ணை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதன் விளைவோ அன்று. தலை நரைப்பதைப் போன்று எல்லா மனிதருக்கும் நேரும் முதுமையின் மாற்றம் அது. உலகில் 2015ஆம் ஆண்டில் சுமார் 180 கோடி பேர் வெள்ளெழுத்து உடையோராக இருந்தனர் என்றும், அவர்களுள் சுமார் 82 கோடியே 60 இலட்சம் பேர் உரிய கண்ணாடி இன்றியோ, போதிய திருத்தம் இன்றியோ பார்வைக் குறைவுடன் வாழ்ந்தனர் என்றும் 2018இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

சிறு துவாரம் தரும் தெளிவு

சொட்டு மருந்தின் செயற்பாட்டைப் புரிந்துகொள்ள, ஓராயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வது உதவும். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (965 – சுமார் 1040), பார்வையைப் பற்றிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலை இயற்றியவர். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றன என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் நுழைந்து பார்வையை உண்டாக்குகிறது என்று அவர் நிறுவினார். சூரிய கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் எழுதிய தனி நூலொன்றில், இருண்ட இடத்தினுள் சிறு துவாரத்தின் வழியே விழும் கிரகணச் சூரியனின் உருவத்தை ஆராய்ந்தார். துவாரம் மிகச் சிறிதாக இருந்தால் சூரியனின் பிறை வடிவம் தெளிவாக விழுகிறது. துவாரம் பெரிதாகும்போது அப்பிறை கலைந்து வட்டமாகத் தோன்றுகிறது என்பதை அவர் விளக்கினார்.

வெள்ளெழுத்து உடையவர் இவ்வுண்மையைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தடித்த தாளில் ஊசியால் துளையிட்டு, நல்ல வெளிச்சத்தில், அத்துளையைக் கண்ணருகே வைத்து நோக்கினால், சற்று முன்வரை மங்கியிருந்த எழுத்து தெளிவடையும். பரந்த ஒளிக்கற்றை நுழையும்போது, குவியாத கதிர்கள் விழித்திரையில் சிதறி எழுத்தை மங்கச் செய்கின்றன. துளை சிறுத்தால் அந்தச் சிதறல் குறைகிறது. வில்லை சரிவரக் குவிக்காவிடினும் உருவம் ஓரளவு தெளிவாக விழுகிறது.

சொட்டு மருந்து செய்வதும் இதுவே. பைலோகார்பைன் என்னும் மருந்து, பாவையைச் சுற்றியுள்ள தசையைச் சுருக்கிப் பாவையைச் சிறு துளையாக்குகிறது. சிலியரித் தசையையும் அது ஓரளவு சுருங்கச் செய்கிறது. எனினும் இறுகிய வில்லையை மீண்டும் நெகிழச் செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. மருந்தின் வேகம் அடங்கியதும் பாவை விரிகிறது. எழுத்து மீண்டும் மங்குகிறது. கண் மருத்துவமனையில் பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் மருந்து விடப்பட்டவர்கள், அதன்பின் சில மணி நேரம் எழுத்தைப் படிக்க இயலாமல் அமர்ந்திருந்ததை நினைவுகூர்ந்தால், அதற்கு நேர் எதிரான செயலே இது என்பதை உணர்வர்.

இம்மருந்து புதிய கண்டுபிடிப்பும் அன்று. பிரேசில் நாட்டுக் காடுகளில் வளரும் ஜாபொராண்டி என்னும் செடியின் இலைகளிலிருந்து 1875ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. அதன்பின் விரைவிலேயே கண் நீர் அழுத்த நோய்க்கு, அதாவது கிளாகோமாவுக்கு, மருந்தாகக் கையாளப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவர்கள் அறிந்த அதே மருந்தே, அளவும் கலவையும் மாற்றப்பட்டு வெள்ளெழுத்துக்கு உரியதாக மறுபிறவி எடுத்துள்ளது.

ஆய்வுகள் காட்டும் அளவு

வெள்ளெழுத்துக்கென அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதன்முதலாக ஏற்பளித்த சொட்டு மருந்து 1.25 விழுக்காடு பைலோகார்பைன் கொண்ட 'வியூட்டி' ஆகும். 2021 அக்டோபரில் ஏற்பளிக்கப்பட்ட அது, நாற்பது முதல் ஐம்பத்தைந்து வயது வரையிலான 750 பேரிடம் நடத்தப்பட்ட இரண்டு ஆய்வுகளின் அடிப்படையில் அனுமதி பெற்றது. அவற்றுள் ஒன்றில், முப்பதாம் நாளில், மருந்திட்ட மூன்று மணி நேரத்துக்குப் பின், மங்கிய வெளிச்சத்தில் எழுத்தட்டையின் மூன்று வரிகளேனும் கூடுதலாகப் படிக்க முடிந்தவர்கள் சுமார் 31 விழுக்காட்டினர். மருந்தற்ற சொட்டைப் பெற்றவர்களுள் அவ்வாறு படித்தவர்கள் சுமார் 8 விழுக்காட்டினர்.

இந்த எண்களை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து வேலை செய்கிறது என்பது மெய். அதேவேளை, பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் அந்த அளவு முன்னேற்றத்தை அடையவில்லை என்பதும் மெய். பயன் கால் மணி நேரத்தில் தொடங்கி, கூடினால் ஆறு மணி நேரம் நீடிக்கிறது. 2023 அக்டோபரில் 0.4 விழுக்காடு பைலோகார்பைன் கொண்ட 'குலோசி'யும், 2025 ஜூலை இறுதியில் அசெக்ளிடின் என்னும் வேறொரு மருந்தைக் கொண்ட 'விஸ்'ஸும் அந்நாட்டில் ஏற்பளிக்கப்பட்டன. பின்னதன் பயன் பத்து மணி நேரம் வரை நீடிக்கும் என அதன் ஆய்வுகள் காட்டின. மருந்துகள் வேறுபட்டாலும் பாவையைச் சுருக்குதல் என்ற அடிப்படை ஒன்றே.

தீங்குகளும் கருதத்தக்கவை. தலைவலியும் கண் சிவத்தலும் பலருக்கு நேர்கின்றன. பாவை சுருங்குவதால் கண்ணுள் நுழையும் ஒளி குறைகிறது. ஆகவே இரவில் வாகனம் ஓட்டுவோருக்கும் மங்கிய வெளிச்சத்தில் பணிபுரிவோருக்கும் ஆபத்து உண்டு. கண்புரை தொடங்கியவருக்கு இம்மங்கல் மேலும் கூடும். அரிதாக, விழித்திரை கிழிதலும் பிரிதலும் நேர்ந்தமை பதிவாகியுள்ளது. கடுமையான கிட்டப்பார்வை உடையோரும், விழித்திரை நலிவுற்றோரும், கண்ணுள் அழற்சி உடையோரும் இதனைத் தாமே வாங்கிப் பயன்படுத்துதல் எவ்விதத்திலும் தகாது.

2024 செப்டம்பரில் நேர்ந்தது

மும்பையைச் சேர்ந்த என்டோட் நிறுவனத்தின் 'பிரெஸ்வியூ' என்னும் 1.25 விழுக்காடு பைலோகார்பைன் சொட்டு மருந்துக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2024 ஆகஸ்டில் அனுமதி அளித்தார். செப்டம்பர் தொடக்கத்தில், படிக்கும் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும் நாட்டின் முதல் மருந்து என்று அது செய்திகளில் இடம்பெற்றது. கால் மணி நேரத்தில் பார்வை தெளியும் என்றும், அக்டோபரில் சுமார் 350 ரூபாய் விலையில் கிடைக்கும் என்றும் கூறப்பட்டது.

செப்டம்பர் 10ஆம் நாள் அந்த அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. பெரியவர்களின் வெள்ளெழுத்துக்கு, மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே பயன்படுத்தத்தக்க மருந்தாக அது ஏற்கப்பட்டிருந்தது. கண்ணாடியின் தேவையைக் குறைக்கும் மருந்து என்பது போன்ற கூற்றுகளுக்கு அனுமதி வழங்கப்படவில்லை என்று கட்டுப்பாட்டு அதிகாரி சுட்டிக்காட்டினார். அனுமதிக்கப்படாத விளம்பரத்தால், யாரும் கடையில் தாமே வாங்கத்தக்க மருந்து என்ற எண்ணம் மக்களிடம் ஏற்பட்டு, பாதுகாப்பற்ற பயன்பாட்டுக்கு அது வழிவகுக்கும் என்ற கவலையை அரசு வெளியிட்டது. தாங்கள் தவறான தகவல் எதனையும் தரவில்லை என்றும், ஆணையை எதிர்த்து நீதிமன்றத்தை நாடுவதாகவும் நிறுவனம் கூறியது.

இந்நிகழ்வில் சர்ச்சைக்கு உள்ளானது மருந்தின் வேதிப்பொருள் அன்று. அதைப்பற்றிச் சொல்லப்பட்ட சொற்களே. சில மணி நேரம், சிலருக்கு, ஓரளவு உதவும் மருந்து என்ற உண்மை, 'கண்ணாடிக்கு விடை' என்ற தலைப்பாக மாறும்போது, அதனை நம்பித் தன் சொற்ப ஊதியத்தைச் செலவிடுபவர் யார் என்ற வினா எழுகிறது.

தையல் இயந்திரத்தின் முன்

ஆம்பூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே பெருந்தொகையினராகப் பணியாற்றுகின்றனர். காலணியின் மேற்பகுதியைத் தைத்தல், ஓரம் மடித்தல், நூல் கோத்தல், பிசிறு நீக்குதல் ஆகிய யாவும் கண்ணுக்கு அருகில், கையளவுத் தொலைவில் நடைபெறுபவை. பதனிட்ட தோலைக் கீறலும் தழும்பும் பார்த்துத் தரம் பிரிப்பவரின் தொழிலும் கண்ணையே மூலதனமாகக் கொண்டது. நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் தையல் வரி அரை நூல் விலகினால் அந்தத் துண்டு கழிக்கப்படலாம். அவளது வேகம் குறைவதற்குக் காரணம் கைத்திறன் மங்கியதன்று, கண் மங்கியதே என்பதை அவளும் அறியாமல், மேற்பார்வையாளரும் அறியாமல் போகக்கூடும். அறிந்தவர்களும், 'கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்பார்கள், வேலைக்கு ஆபத்து' என்று அஞ்சி மறைப்பதுண்டு.

இத்தகைய தொழிலாளருக்குக் கண்ணாடி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உள்ளது. அஸ்ஸாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 கொழுந்து பறிப்பவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, படிக்கும் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் எடை, பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. ஐம்பது வயதைக் கடந்தோரிடம் இவ்வுயர்வு சுமார் 32 விழுக்காடு. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018இல் இது வெளியாயிற்று. வங்காளதேசத்துச் சிற்றூர்களில் கைவினைஞர், தையற்காரர் முதலிய 824 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் எட்டு மாதங்களில் மற்றவர்களினும் சுமார் 33 விழுக்காடு மிகுந்திருந்தது.

கண்ணாடி சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது; ஆண்டுக்கணக்கில் உழைப்பது; பணி முடிந்ததும் கழற்றி வைக்கத்தக்கது; கண்ணுள் எதனையும் செலுத்தாதது. சொட்டு மருந்து தீர்ந்ததும் மீண்டும் வாங்க வேண்டும். எட்டு மணி நேரப் பணிநேரத்தின் பிற்பகுதியில் அதன் பயன் தேய்ந்துவிடும். மாலை மங்கிய வேளையில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போது அதன் குறை உணரப்படும். கண்ணாடி அணிய இயலாத தொழில் உடையோருக்கும், விழா மேடை போன்ற சில மணி நேரத் தேவைக்கும், மருத்துவர் ஆய்ந்து அளிக்கும் நிலையில் சொட்டு மருந்து பயன்படலாம். தொழிலாளரின் அன்றாட வாழ்வுக்கு அது கண்ணாடியின் இடத்தைப் பெற இயலாது.

பரிசோதனை என்னும் வாய்ப்பு

இங்கு மற்றொரு செய்தி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. நாற்பது வயதில் எழுத்து மங்குவதால் ஒருவர் கண் மருத்துவரிடம் செல்வது, அவர் வாழ்வின் முதல் முழுமையான கண் பரிசோதனையாக அமைவதுண்டு. வலியோ அறிகுறியோ இன்றிப் பார்வையை ஓரத்திலிருந்து அரிக்கும் கண் நீர் அழுத்த நோயும், நீரிழிவு விழித்திரையில் விளைவிக்கும் கேடும் இவ்வயதில்தான் சத்தமின்றித் தொடங்குகின்றன. வெள்ளெழுத்தை எப்பொழுதும் திருத்திக்கொள்ளலாம். அந்நோய்களால் இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்க இயலாது. கடையில் சொட்டு மருந்தோ, சாலையோரத்தில் கண்ணாடியோ வாங்கிப் பரிசோதனையைத் தவிர்ப்பவர் இழப்பது இந்த வாய்ப்பையே.

வேலூர் வட்டாரத்தில் இதற்கான வசதி குறைவில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1902இல் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனையே இன்று ஆரணி சாலையில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாக விளங்குகிறது. முதியோரின் வெள்ளெழுத்துக்கு இலவசக் கண்ணாடி வழங்குவது தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் பணிகளுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டுள்ளது.

சுறுமாவும் நோன்பும்

நம் இல்லங்களில் எழும் இரு ஐயங்களுக்கும் இவ்விடத்தில் விடை காண்போம். முதலாவது சுறுமா. அரபு மொழியில் கண் மருத்துவரைக் குறிக்கும் 'கஹ்ஹால்' என்ற சொல்லே 'குஹ்ல்' என்னும் அஞ்சனத்தின் பெயரிலிருந்து பிறந்தது. பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, கண் மருத்துவர்களுக்கென இயற்றிய 'தத்கிரதுல் கஹ்ஹாலீன்' பல நூற்றாண்டுகள் பாடநூலாக நிலவியது. இத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், இன்று சந்தையில் விற்கப்படும் சுறுமா வகைகள் பலவற்றில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளமையையும் கருத்திற்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு அது மிகுந்த கேடு தரும். இறுகிய வில்லையைச் சுறுமாவோ, தேனோ, மூலிகைச் சாறோ நெகிழச் செய்வதில்லை.

இரண்டாவது, ரமழானில் கண்ணில் மருந்திடுதல் பற்றியது. கண்ணில் இடும் சுறுமாவும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் 1997ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை, கண் சொட்டு மருந்தை நோன்பை முறிக்காதவற்றுள் சேர்த்துள்ளது. ஆகவே கிளாகோமாவுக்கு நாள்தோறும் மருந்திடுவோர் நோன்பைக் காரணமாக்கி அதனை நிறுத்துதல் கூடாது.

நமது பொறுப்பு

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965) ஆகியன நிமிர்ந்து நிற்கும் மண் இது. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த மரபு இங்கு உண்டு. அதே கொடையுள்ளம், தொழிற்சாலை வாயிலிலும் மஹல்லா பள்ளிவாசல் வளாகத்திலும் ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை முகாம் நடத்தி, நாற்பதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் உரிய கண்ணாடியை வழங்குமாயின், அதற்காகும் செலவு பெரிதன்று. கண்ணாடி அணிந்த தொழிலாளியை முதியவராகக் கருதி ஒதுக்காத மனநிலையை முதலாளிகள் வெளிப்படையாக அறிவித்தாலே பாதித் தடை நீங்கும்.

ஃபஜ்ருக்குப் பின் முஸ்ஹஃபைக் கையில் ஏந்தி, எழுத்து தெரியாமல், மனனமான சிறு அத்தியாயங்களையே திரும்பத் திரும்ப ஓதி மூடி வைத்துவிடும் தாய்மார் நம் வீடுகளில் உள்ளனர். அவர்கள் குறை கூறுவதில்லை. வயதின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கின்றனர். அடுத்த முறை அமிர்திக்குக் குடும்பத்தோடு புறப்படுவோர், வழியிலுள்ள கண் மருத்துவமனைக்கு அவர்களை ஒரு நாள் அழைத்துச் செல்வதையும் தம் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார்களாக.